மூன்று பேராசிரியர்களும் ஒரு மைனாக் கூட்டமும்

நான் மூன்று பேராசிரியர்களை ஒரே மூச்சில் திட்டி விரட்டியவள். அதுவும் எனக்குப் பட்டம் கொடுக்க வந்தவர்களை.

கல்யாணமாகி, கம்பம் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுக்கு வந்த பிறகு, தபாலில் புத்தகம் வரவழைத்து எம்.ஏ. சமூகவியல் படித்தேன். ஆய்வறிக்கையின் தலைப்பு, ‘தொலைநிலைக் கல்வியில் திருமணமான பெண்கள் பாதியில் நிற்பது ஏன்?’ (நான் பாதியில் நிற்கவில்லை என்று எனக்கே கொஞ்சம் திமிர்தான்.) மிச்சமிருந்தது இணையவழி வாய்மொழித் தேர்வு மட்டும். அதில் தேறினால் நான் தற்காலிகமாகப் பார்த்துவந்த வேலை நிரந்தரம். தேறாவிட்டால் அது வேறொருத்திக்கு.

வீட்டுக்குள் சிக்னல் வராது. தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் நாலு கோடும் நிற்கும். தேர்வுக்கு மறுநாள் பார்த்துத் திராட்சை வெட்டு.

“அங்கன சும்மாதான உக்காரப் போற? அப்படியே பறவையையும் பாத்துக்க” என்றார் என் மாமியார்.

“பரீட்சை அத்தை.”

“வாயாலதான பரீட்சை? கண்ணு சும்மாதான இருக்கும்.”

பட்டுப்புடவை கட்டி, போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்துவைத்து, மைக்கையும் காமிராவையும் முன்னதாகவே திறந்துவிட்டு உட்கார்ந்தேன். ‘காத்திருக்கவும்’ என்றது திரை. முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். மைனாக்கள் காத்திருக்கவில்லை.

பழுத்த கொத்துகளில் அவை இறங்கியதும் என் கை தானாகப் பறவை விரட்டும் தகரத்தை எடுத்துவிட்டது. எட்டு வருடப் பழக்கம்! புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தகரத்தில் நாலு போடு போட்டுக் கத்தினேன்:

“வெக்கங்கெட்டதுகளா! பாடுபட்டு வளத்தது நாங்க, உக்காந்து திங்க மட்டும் வந்துட்டீகளா? ஓடுங்க!”

திரும்பினால் திரையில் மூன்று முகங்கள். நடுவில் இருந்த பேராசிரியர், வாய்வரை கொண்டுபோன பிஸ்கட்டை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

“ஐயோ சார், உங்களை இல்ல, மைனாவை...” என்று பதறி, அவர்களுக்கு மைனாவைக் காட்டப் போனைத் திருப்பியதில் விரல் எங்கோ பட்டு இணைப்பே போய்விட்டது. மறுபடியும் ‘காத்திருக்கவும்.’

அப்போதுதான் அழுகை வந்தது. மூன்று வருடம் பருப்பு வேகும் நேரத்தில் படித்த படிப்பு. தகரத்தைத் தூக்கி எறிந்தேன். அது இன்னொரு முறை சத்தம் போட்டு அடங்கியது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே விட்டார்கள். ஓரத்தில் இருந்த பேராசிரியை, “பறவையெல்லாம் போயிருச்சாம்மா?” என்று கேட்டார். தலையாட்டினேன். “சரி, சொல்லுங்க. பெண்கள் பாதியில நிக்கறதுக்கு முக்கியமான காரணமா நீங்க எதைக் கண்டுபிடிச்சீங்க?”

நான் மனப்பாடம் செய்த பதிலைத் தொடங்கினேன். “குடும்பக் கட்டமைப்பும், அது பெண்ணின் நேரத்தின் மீது...”

“ஏத்தா!” திராட்சைப் பந்தலின் அந்தக் கோடியிலிருந்து மாமியார். “கிளி எறங்கிருச்சு! அங்கன யாருகூட வெட்டிக்கதை பேசிக்கிட்டிருக்க?”

மூன்று முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, “போதும்மா, சான்று கேட்டாச்சு” என்றார். இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டு, “போய்க் கிளியைப் பாருங்க” என்று அனுப்பிவைத்தார்கள்.

தேறிவிட்டேன். வேலையும் நிலைத்தது. பட்டம் தபாலில் வந்த அன்று உறையைக் கையெழுத்திட்டு வாங்கியவர் மாமியார். சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டியவரும் அவரே. வருகிறவர்களிடமெல்லாம் முழுக்கதையையும் சொல்லி, கடைசியில் இப்படி முடிப்பார்:

“இவ என்னமோ முணுமுணுத்தா, அவுகளுக்கு ஒண்ணும் வெளங்கல. நான் ஒரு சத்தம் போட்டேன், உடனே பாஸ் போட்டுட்டாக!”

மறுத்துப் பேசலாம்தான். ஆனால் நடந்தது அதுதானே.