அரைக்கம்பத்தில் என் ஐம்பதாவது பிறந்தநாள்

பெருமதிப்புக்குரிய கிர்ஸ்டினே அக்காவுக்கு,

தம்பி யெப்பெ எழுதுவது. இங்கு டோர்த்தே, குழந்தைகள், நான் எல்லோரும் சுகம். ‘நான்’ என்பதை இரண்டு முறை படிக்கவும். காலையில் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் அலறிக்கொண்டு வைத்துவிட்டாய். அதனால் என் கோழிக்கிறுக்கலையே சாட்சியாக்கி, மதியக் கப்பலில் உன் தீவுக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். பிறந்தநாளாயிற்றே என்று, நம் ஊர் வழக்கப்படி எட்டு மணிக்குத் தோட்டத்துக் கம்பத்தில் கொடி ஏற்றினேன். குழந்தைகள் கம்பத்தின் நடுவில் பறவைப் பெட்டி ஒன்றை அறைந்து வைத்திருப்பதும், அதில் நீலத்தலைச் சிட்டு குஞ்சு பொரித்திருப்பதும் உனக்குத் தெரியும். கொடி பாதி ஏறியதும் படபடவென்று பெட்டியில் அடிக்க, தாய்ச்சிட்டு பயந்து ஆப்பிள் மரத்துக்குப் பறந்து கத்த ஆரம்பித்தது. “அப்பா, நிறுத்து! இனிமே அது வராது, குஞ்செல்லாம் பட்டினி கெடந்து செத்துடும்!” என்று ஆஸ்தா அழ, ஆறு வயது வில்லாஸ் என் காலைக் கட்டிக்கொள்ள, கயிற்றை அப்படியே முடிந்துவிட்டு, சிட்டு மிரளாதிருக்கப் புல்லில் மல்லாந்து படுத்தேன். கால் மணி நேரம் தாய் வரவில்லை, அக்கா. உள்ளே குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டே இருந்தன. கடைசியில் வாயில் பச்சைப் புழுவோடு வந்து உள்ளே நுழைந்ததே, அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. “இப்பதான் அதுக்குப் பழகியிருக்கு. கொடியும் அசையக் கூடாது, நீயும் அசையக் கூடாது” என்று ஆஸ்தாவின் உத்தரவு.

அரைக்கம்பத்தில் கொடி பறந்தால் வீட்டில் சாவு என்பது எனக்கு நினைவிருந்தால்தானே! பக்கத்து வீட்டு எஸ்கில் ஓடிவந்து கதவைத் தட்டி, “யெப்பெயா? எங்க?” என்று கேட்டிருக்கிறான். கேக்குக்குக் கிரீம் அடித்துக்கொண்டிருந்த டோர்த்தே, “கொடிக்கம்பத்துக்குக் கீழதான் படுத்திருக்காரு. அசைவே இல்ல. புள்ளைங்க பக்கத்துலயே காவல் உக்காந்திருக்கு” என்றிருக்கிறாள். அவன் கண்ணீரோடு போய்த் தன் கொடியையும் பாதிக்கு இறக்கி, உனக்குத் தகவலும் சொல்லிவிட்டான். அதைப் பார்த்துத் தெரு முழுக்கக் கொடிகள் பாதியில் நிற்கின்றன. பிறந்தநாள் பூ என்று நினைத்து டோர்த்தே வாசலில் வாங்கி வைத்த பூங்கொத்தில், ‘அமைதியாக உறங்குங்கள்’ என்று அட்டை! எழுந்து போய்ச் சொல்ல ஆஸ்தா விட்டால்தானே? இதையே குப்புறப் படுத்துத்தான் எழுதுகிறேன்.

ஆகவே அழாதே. கறுப்பு உடையைப் பெட்டியில் வை. வீண் செலவு செய்து வர வேண்டாம். அத்தானுக்கு என் அன்பு.

உன் உயிருள்ள தம்பி,
யெப்பெ

பி.கு.: அக்கா! குஞ்சுகள் பறந்துவிட்டன! ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்தும் பெட்டி வாசலில் தயங்கித் தயங்கிக் குதித்தன. வில்லாஸ் கைதட்ட, நான் தேம்பியே விட்டேன். அந்தச் சந்தோஷத்தில் கொடியை ஒரே இழுப்பில் உச்சிக்கு ஏற்றிவிட்டேன். அடக்கம் முடிந்தால்தான் அப்படி ஏற்றுவார்கள் என்பது மறந்தே போயிற்று. இப்போது கறுப்பு உடுத்திய இருபது பேர் வேலியோரம் நிற்கிறார்கள். “அதுக்குள்ள பொதச்சாச்சா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல?” என்று எஸ்கில் டோர்த்தேயோடு சண்டைக்கு நிற்கிறான். நான் வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன்; வெளியே தலைகாட்ட எனக்குத் தைரியமில்லை. அடுத்த கப்பலிலேயே வா.