நூற்றுக்கு நூற்று நாற்பது

“இன்னும் கொஞ்சம் வேகமா மிதிங்க மாஸ்டர்!”

“இதுக்கு மேல மிதிச்சா என் உயிர்தான் வெளியே வரும் டீச்சர். வெளிச்சம் வராது!”

இயற்பியல் ஆய்வகத்தின் நடுவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிளின் மேல் உட்கார்ந்து, உடற்பயிற்சி மாஸ்டர் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தார். பின்சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட் போய்ப் பழைய மோட்டார் ஒன்றைச் சுற்றியது. மோட்டாரிலிருந்து புறப்பட்ட இரண்டு கம்பிகள், சுவரில் சாய்த்து வைத்திருந்த பெயர்ப்பலகையில் போய் முடிந்தன. பலகையில் குண்டு பல்புகளால் பள்ளியின் பெயர். அவ்வளவு மிதித்தும் பல்புகள் லேசாகச் சிவந்து, சாப்பிடக் கூப்பிடாததற்குக் கோபித்துக்கொண்டவர் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தன.

“இவ்வளவு ஆற்றல் எங்கே போகுது?” என்று ஜூல் டீச்சர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு. அதையே மாணவர்கள் டீச்சருக்குப் பெயராக வைத்துவிட்டதற்கு இந்தக் கேள்விதான் காரணம். எதைக் கண்டாலும் கேட்பார். வீட்டில் கணவர், “டீ ஆறிப்போச்சும்மா” என்றால், “ஆறிப்போகலைங்க, அதுல இருந்த சூடு அறைக்குள்ள போயிருக்கு” என்பார். கணவர் எழுந்து போய்த் தானே சுட வைத்துக்கொள்வார்.

இப்போது கேள்வி விளையாட்டாக இல்லை. நடன மாஸ்டருக்குப் பெரிய அறை வேண்டும் என்று பேச்சு வந்தபோது தலைமையாசிரியையின் கண் ஆய்வகத்தின் மேல் விழுந்தது. “லேபுல அப்படி என்னதான் நடக்குது? வர்ற ஸ்கூல் கண்காட்சியில எதையாவது செஞ்சு காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்” என்றார் அவர். சைக்கிள் மிதித்தால் பள்ளியின் பெயர் எரியும் என்று டீச்சர் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டார். எரியாவிட்டால் மேசைகளெல்லாம் மாடிப்படிக்குக் கீழே போகும். லென்சுகளும் தராசுகளும் சாக்குக்குள் போகும். சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி வரும். ஒவ்வொரு சாமானாக டீச்சர் அலைந்து திரிந்து சேர்த்த அறை அது.

“நீங்க காலையில சாப்பிட்டதுல முக்கால்வாசி உங்க உடம்பைச் சூடாக்கவே போயிடுது மாஸ்டர். மிச்சம்தான் காலுக்கு வருது. அதுல செயின் கொஞ்சம் பிடுங்கிக்குது, பெல்ட் கொஞ்சம், மோட்டார் கொஞ்சம். கடைசியா வந்து சேர்றதையும் இந்தக் குண்டு பல்பு சூடா மாத்தித் தொலைச்சுடுது.”

“அப்ப நான் இவ்வளவு நேரமா என்னதான் பண்ணிட்டிருக்கேன்?”

“அறையைச் சூடாக்கிட்டிருக்கீங்க.”

மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சரை ஒரு பார்வை பார்த்தார்.

முதலில் செயினின் பங்கைக் குறைப்போம் என்று டீச்சர் தாராளமாக எண்ணெய் விட்டார். எண்ணெய் செயினோடு நிற்கவில்லை. பெல்ட்டுக்கும் பரவி, மாஸ்டர் நாலு மிதி மிதிப்பதற்குள் பெல்ட் வழுக்கிக்கொண்டு எகிறியது. அந்த நேரம் பார்த்து, கண்ணாடி மாட்ட டேப் வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்த நடன மாஸ்டரின் கழுத்தில் கச்சிதமாக விழுந்தது.

“ரூம் இன்னும் கைக்கே வரலை. அதுக்குள்ள மாலையா?” என்றார் அவர் பூரிப்போடு.

டீச்சர் பெல்ட்டை வெடுக்கென்று பிடுங்கித் துடைத்து, வழுக்காதபடி இறுக்கி மாட்டினார். இறுக்கின இறுக்கில் மிதி அசையவே மறுத்தது. மாஸ்டர் எழுந்து நின்று உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்தார். சைக்கிள் ஸ்டாண்டோடு சேர்ந்து ஒருபக்கமாகச் சாய்ந்தது. பெல்ட் மட்டும் அப்படியே இருந்தது.

ஒருவழியாகப் பெல்ட்டைச் சரியான அளவுக்குத் தளர்த்தி, குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. பல்புகளைப் பொருத்தினார். அடுத்த மிதியில் பள்ளியின் பெயர் பளிச்சென்று எரிந்தது. டீச்சர் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் கால் அழுத்தும்போது எரிந்து, கால் ஓயும்போது அணைந்து, பெயர் கண்ணை மூடி மூடித் திறந்தது.

எட்டிப் பார்த்த தலைமையாசிரியை முகத்தைச் சுளித்தார். “இது என்ன, பள்ளிக்கூடமா ஆம்புலன்ஸா? வர்ற விருந்தாளிக்குத் தலை சுத்தும்.”

வெளிச்சம் விட்டு விட்டு வராமல் சீராக வரவேண்டுமென்றால் நடுவில் ஒரு பேட்டரி வேண்டும். கணவரின் பழைய ஸ்கூட்டரிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பேட்டரியைக் கொண்டுவந்து டீச்சர் இணைத்தார். அவ்வளவுதான், பெயர் நின்று எரிந்தது, அதுவும் முன்பைவிடப் பிரகாசமாக!

“டீச்சர், மிதிக்கிற மாதிரியே இல்லை. வழுக்கிட்டுப் போகுது!” என்றார் மாஸ்டர். அவர் காலை எடுத்த பிறகும் சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றியது.

டீச்சருக்கு மூக்கில் வியர்த்தது. மிதிக்கு எவ்வளவு போகிறது, விளக்குக்கு எவ்வளவு வருகிறது என்று அளந்து பயனுறுதிறனைக் கணக்குப் போட்டார். நூறு கொடுத்தால் நூற்று நாற்பது வந்தது. மறுபடி அளந்தார். அதே நூற்று நாற்பது.

“எவ்வளவு வந்துச்சு?” என்றார் தலைமையாசிரியை, வாசலில் நின்றபடி.

“நூத்துக்கு நூத்திநாப்பது மேடம்!” என்று மாஸ்டர் முந்திக்கொண்டார்.

தலைமையாசிரியை வரலாறு படித்தவர். எண் என்றால் அவருக்கு ஒன்று ஆண்டாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண்ணாக இருக்க வேண்டும். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நம்ம ஸ்கூல்ல இதுவரைக்கும் யாரும் எடுக்காத மார்க்!”

“ஐயோ மேடம், இது மார்க் இல்லை. குடுத்ததைவிட அதிகமா வரவே கூடாது. எங்கயோ தப்பு…”

“நல்லா உழைச்சா ஏன் வராது? இனிமே அந்த சைக்கிள்ல யாரும் கை வைக்கக் கூடாது. லேப் சாவி என்கிட்டயே இருக்கட்டும். காலையில வந்து வாங்கிக்குங்க.”

அதிகப்படியான ஆற்றல் பேட்டரியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க டீச்சருக்கு வெகுநேரம் ஆகவில்லை. மோட்டாரைச் சுற்றினால் மின்சாரம் வரும். மின்சாரம் கொடுத்தால் மோட்டார் சுற்றும். மாஸ்டர் சோம்பலாக மிதிக்கும்போது பேட்டரிதான் பாரத்தைச் சுமக்கிறது. சரி, கிழட்டு பேட்டரி, இரண்டு நாள் ஒத்திகையில் காலியாகிவிடும், அப்போது குட்டு வெளிப்படும் என்று இருந்தார்.

காலியாகவில்லை. மறுநாள் காலை அளந்தபோது முந்தின நாள் மாலை இருந்ததைவிட நிரம்பியிருந்தது.

“அது கிடக்கட்டும் டீச்சர், யார் இந்த சீட்டை இறக்கி வச்சது? முழங்கால் வந்து தாடையில இடிக்குது” என்று மாஸ்டர் அலுத்துக்கொண்டே சீட்டை உயர்த்திக்கொண்டார்.

யாரோ சார்ஜ் போடுகிறார்கள்! டீச்சர் அன்று மாலை ஆய்வகத்தின் ஃபியூஸைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனார். இனி அந்த அறையில் எந்தப் பிளக்கிலும் மின்சாரம் வராது. மறுநாள் பேட்டரி இன்னும் அதிகமாக நிரம்பியிருந்தது. சீட்டு மறுபடியும் இறங்கியிருந்தது.

பயத்தைவிட அவருக்கு ஆவல்தான் அதிகமாக இருந்தது. இரவில் சாப்பிடும்போதுகூட, “ஒண்ணுமில்லாததுல இருந்து எப்படிங்க வரும்?” என்றார். கணவர் தட்டைப் பார்த்துவிட்டு, “நானும் அதையேதான் யோசிக்கிறேன், கறி எங்கேன்னு” என்றார். அடுப்பில் வைத்ததை டீச்சர் மறந்தே போயிருந்தார்.

சந்தேகம் முழுக்க நடன மாஸ்டர் மேல் திரும்பியது. கண்காட்சியில் தன் மானத்தை வாங்க ஏதோ சதி செய்கிறார் என்று முடிவு கட்டி, வராந்தாவில் மடக்கினார்.

“உண்மையைச் சொல்லுங்க. சாயங்காலத்துல வந்து சைக்கிள் மிதிக்கிறீங்களா?”

பனைமரம்போல் வளர்ந்த அந்த மனிதர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சைக்கிள் ஓட்டவே எனக்குத் தெரியாது டீச்சர். பசங்ககிட்ட சொல்லிடாதீங்க.”

வாயில் காவலரைக் கேட்டார். “பள்ளிக்கூடம் விட்டப்புறம் லேபுக்குள்ள யாராவது போறாங்களா?”

“யார் போவா டீச்சர்?” என்ற காவலர், கேட்டின் உச்சியை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசியில் தலைமையாசிரியையிடமே போனார். அவர் புதுக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு படியேறி வந்துகொண்டிருந்தார். முன்பெல்லாம் கீழேயிருந்து ஒரு கோப்பு வேண்டுமென்றாலும் ஆள் அனுப்புகிறவர்.

“மேடம், சாவியைக் குடுங்க. ஒரு நாள் சாயங்காலம் நான் உள்ளேயே உட்கார்ந்து பாத்துடுறேன்.”

“எதுக்கு?” தலைமையாசிரியையின் குரல் உயர்ந்தது. “நல்லாப் போயிட்டிருக்கிறதை ஏன் நோண்டுறீங்க? இன்னொரு தடவை சாவின்னு கேட்டீங்கன்னா, ரூமை இன்னைக்கே டான்ஸுக்குக் குடுத்துடுவேன்!”

டீச்சர் வந்த வழியே திரும்பினார்.

கண்காட்சி நாள் வந்தது. ஆய்வக வாசலில் சுவர் அகலத்துக்கு ஒரு பேனர் தொங்கியது. ‘உலகம் காணாத சாதனை! பயனுறுதிறன் நூற்றுக்கு நூற்று நாற்பது!’ டீச்சர் அதைப் பார்க்காத மாதிரி உள்ளே நுழைந்தார். போதாக்குறைக்குத் தலைமை விருந்தினர், மின் நிலையத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர். அவர் பேனரை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“நானே மிதிச்சுப் பாக்கலாமா?” என்றார்.

மிதித்தார். பள்ளியின் பெயர் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. ஒரே கைதட்டல். அவர் மெதுவாகக் காலை எடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெயர் எரிந்துகொண்டே இருந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கைதட்டல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

“என்ன டீச்சர் இது?”

அறை போனால் போகட்டும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். அந்த அறையில் நின்று பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. குனிந்து பேட்டரியின் கம்பியைக் கழற்றினார். பலகை இருண்டது.

“இப்ப மிதிங்க சார். நீங்க மிதிக்கிறதுக்கு எவ்வளவு வெளிச்சம் வருதோ, அவ்வளவுதான் நிஜம். மிச்சமெல்லாம் பேட்டரி குடுத்தது. பேட்டரிக்கு யார் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியலை. தெரியாமலேயே பேனர் கட்டிட்டோம்.”

“பிளக்ல செருகியிருப்பாங்க” என்று பொறியாளர் சிரித்தார். “திருட்டு கரண்ட்!”

“திருட்டுன்னு சொல்லாதீங்க!” என்று வெடித்தார் தலைமையாசிரியை. எல்லோரும் திரும்பிப் பார்க்க, தண்ணீர் பாட்டிலைத் தேட ஆரம்பித்தார்.

“மேடம் சொல்றது சரிதான் சார். ஃபியூஸ் என் கைப்பையில இருக்கு” என்றார் டீச்சர். “இது யாரோ ஒருத்தர் உடம்புல இருந்துதான் வந்திருக்கணும். அவங்க சாப்பிட்டது காலுக்கு வந்து, சக்கரத்துக்கு வந்து, பேட்டரிக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு. வர்ற வழியில முக்கால்வாசிக்கு மேல வீணாயிருக்கும். அப்படியும் இவ்வளவு சேர்ந்திருக்குன்னா, விடாம, தினமும், வேர்க்க விறுவிறுக்க மிதிச்சிருக்காங்க. அது யாருன்னு தெரிஞ்சா நான் கையெடுத்துக் கும்பிடுவேன். நிஜமான சாதனை அதுதான்.”

தலைமையாசிரியையின் கையிலிருந்த பாட்டில் வாய்வரை போய் அப்படியே நின்றது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கை வாங்கினார்.

“ஒரு அறிவிப்பு. லேப் இருக்கிற இடத்துலயே இருக்கும். சைக்கிளும் இருக்கிற இடத்துலயே இருக்கும். மாடியில இருக்கிற என்னோட பெரிய அறையை நடன மாஸ்டர் எடுத்துக்கலாம். நான் கீழே, லேபுக்குப் பக்கத்து ரூமுக்கு வந்துடறேன்.”

நடன மாஸ்டர் திறந்த வாயை மூடவில்லை. டீச்சருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒன்றும் விளங்கவில்லை. எல்லோர் முன்னாலும் கதை கந்தலாகிவிட்ட பிறகு ஆய்வகத்தை விட்டுவைப்பானேன்? தன் அறையையும் விட்டுத் தருவானேன்?

கூட்டம் கலைந்து வீட்டுக்குக் கிளம்பியபோதும் அதே யோசனைதான். கேட்டருகில் நின்று, பாதி தனக்குத்தானே, பாதி காவலரிடம் கேட்டார்.

“எல்லாம் சரி. அந்த ஆற்றல் எங்கிருந்துதான் வந்துச்சு?”

காவலர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“வெளியே சொல்லிடாதீங்க டீச்சர்… உடம்பைக் குறைக்கலைன்னா மாத்திரையைக் கூட்டிடுவேன்னு டாக்டர் மிரட்டினதுல இருந்து, எல்லாரும் போனப்புறம் எச்.எம். அம்மாதான் தினமும் அதுல ஏறி மிதிக்கிறாங்க, பக்கத்துல நின்னு அட்டையால விசிறி விடுறது நான்தான்.”