கழுகுக்கு எத்தனை இறகு

பலெர்மோ, இத்தாலி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின்

என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அருளையா மாமாவுக்கு, மருமகன் டெனிஸ்டன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையால் உங்களுக்குச் சீனி வருத்தம் இறங்கி, மாமிக்கு முழங்கால் நோவும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் உடம்புகளுக்கு ஒரு குறையும் இல்லை. மற்றவை பற்றித்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறானே என்று யோசிக்க வேண்டாம். போன் எடுத்தால் உங்கள் மகள் அமலினி பக்கத்தில் வந்து நின்று, நான் வாய் திறக்குமுன்பே, "அப்பா, இவர் சொல்லுறதை நம்பாதேங்கோ" என்பாள். கடிதத்தில் அவளுக்கு அந்த வசதி இல்லை.

நாங்கள் வேலை செய்யும் கட்டடம் கபோ சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. மூன்றாம் மாடியில் சின்யோர் கஸ்பாரே, கலியாணம் கட்டாத வயோதிபர். அவரை நான் பராமரிக்கிறேன். இரண்டாம் மாடியில் அவருடைய தங்கை சின்யோரா நுன்சியா, கணவரை இழந்தவர். அவரை அமலினி பராமரிக்கிறாள். அண்ணனும் தங்கையும் பல வருடங்களாக ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. படியில் எதிர்ப்பட்டால் சின்யோர் சுவரைப் பார்ப்பார், சின்யோரா கைப்பைக்குள் எதையோ தேடுவார். வீடு வளவுச் சண்டையாக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காரணம் ஒரு கழுகின் வால் என்று போன மாரியில்தான் தெரிய வந்தது.

அவர்களுடைய தகப்பனார் இளவயதில் அமெரிக்காவுக்குப் போய்க் கல் உடைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். உழைத்ததில் மிஞ்சிய இரண்டு வெள்ளி டொலர்களைச் சாகும் தறுவாயில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். இரண்டிலும் 1878 என்று வருடம் இருக்கிறது. ஒரு பக்கம் ஒரு பெண்ணின் தலை, மறுபக்கம் சிறகு விரித்த கழுகு. அந்த வருடம் முதலில் வெட்டிய அச்சுகளில் கழுகின் வாலுக்கு எட்டு இறகு வைத்தார்களாம், அது சரியில்லை என்று யாரோ சொல்லப் பிறகு ஏழாக்கினார்களாம். எந்த நாணயம் எந்த அச்சில் அடித்தது என்று பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் மாமா, அவர்களிடம் எட்டு இறகுக்கு விலை கொஞ்சம் கூட. சின்யோர் தன்னுடையது எட்டு, தங்கையுடையது ஏழு என்கிறார். சின்யோரா அதைத் தலைகீழாகச் சொல்கிறார். இவ்வளவுதான் சண்டை.

இப்போது இரண்டு பேருக்கும் கண் மங்கிவிட்டது. ஒருநாள் சின்யோர் பூதக்கண்ணாடியை என் கையில் தந்து, "டெனிஸ், நீ எண்ணிச் சொல்" என்றார். எண்ணினால் ஒருமுறை ஏழு வருகிறது, ஒருமுறை எட்டு வருகிறது. அந்த மனிதர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். அதே கிழமை கீழ்மாடியிலும் இதே கூத்து நடந்து, அங்கே அமலினியும் எட்டில் நிறுத்தியிருக்கிறாள். அன்றோடு எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று.

"உங்கட சின்யோரின்ரை ஏழுதான். வயசுபோன மனிசனை ஏமாத்தாதேங்கோ" என்றாள்.

"நீ அதைப் பாத்தனியோ?"

"பாக்கத் தேவையில்லை. ஆம்பிளைப் பிள்ளையெண்டு பெரிய வீட்டை அவருக்குக் குடுத்த தேப்பன், இதையாவது அந்த மனிசிக்கு நல்லதாக் குடுத்திருப்பார்."

எங்கள் கலியாண நாளுக்கு அமலினியை ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடல் பார்த்துக்கொண்டு மீன் சாப்பிடலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். மட்டிக் கோதுகளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வால் மாதிரி எட்டாக அடுக்கி, "எங்கட சின்யோராவின்ரை இப்பிடித்தான்" என்று காட்டினாள். நான் அதில் ஒரு கோதை எடுத்துவிட்டேன். பஸ்ஸில் தனித்தனி ஆசனத்தில் திரும்பி வந்தோம். போன மாதம் பூசையில், பிரசங்க மேடையில் செதுக்கியிருந்த நற்செய்தியாளர் அருளப்பரின் சின்னமான கழுகின் வால் இறகை நான் எண்ணிக்கொண்டிருந்தபோது விலாவில் முழங்கையால் இடித்து, "எட்டு" என்றாள். எனக்கு ஏழுதான் வந்தது. பாதர் எங்களைப் பார்த்ததால் இரண்டு பேரும் தலைகுனிந்து செபித்தோம்.

கடைசியில் ஒரு நாணயக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டச் சம்மதித்தார்கள். ஆனால் அண்ணன் தங்கை வீட்டுக்கு வரமாட்டாராம், தங்கை அண்ணன் வீட்டுக்குப் போகமாட்டாராம். இரண்டு மாடிக்கும் நடுவில் படி திரும்பும் இடத்தில் இருக்கக் கதிரைகள் போட்டோம். கடைக்காரர் தன் கண்ணாடியைக் கண்ணில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மேல்படியில் நின்றேன், அமலினி கீழ்ப்படியில் நின்றாள். பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை.

"இரண்டும் ஒண்டுதான்" என்றார் அவர். "எட்டு இறகு வெட்டின அச்சுக்கு மேலேயே ஏழு இறகை வெட்டியிருக்கினம். பழைய இறகுகளின்ரை நுனி கீழே எட்டிப் பாக்குது. ஏழெண்டாலும் சரி, எட்டெண்டாலும் சரி." விலை என்ன என்று சின்யோர் கேட்டார். "நல்லாத் தேய்ஞ்சு போச்சு. வித்தால் ஆளுக்கொரு மூக்குக்கண்ணாடி வாங்கக் காணும்."

அவர் போன பிறகு ஒருவரும் எழும்பவில்லை. சின்யோராதான் முதலில் வாய் திறந்தார். "அப்பா எனக்கு இரகசியமாச் சொன்னவர், உனக்குத் தந்ததுதான் நல்லது, அண்ணனுக்குச் சொல்லாதையெண்டு." சின்யோர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவைத்தார். "எனக்கும் அதைத்தான் சொன்னவர்" என்றார். பிறகு, இன்றைக்கு என்ன சமையல் என்று தங்கையிடம் கேட்டார். அமலினி அழுதாள். எனக்கு மாடிப்படித் தூசி கண்ணில் விழுந்துவிட்டது.

இனித்தான், மாமா, விஷயம். சின்யோரா மேல்மாடிக்கே குடிவந்துவிட்டார். இரண்டு டொலரும் சாப்பாட்டு மேசையில் ஒரே தட்டில் கிடக்கின்றன. இரண்டு பேரும் காலை தொடங்கிக் கதை, சிரிப்பு, விட்ட வருடங்களுக்கெல்லாம் சேர்த்து. போன கிழமை சின்யோர் எங்களைக் கூப்பிட்டு மிகவும் தயவாகச் சொன்னார்: "ஒரே வீட்டுக்கு இரண்டு பேர் என்னத்துக்கு? ஒராள் காணும். ஆரெண்டு நீங்களே யோசிச்சுச் சொல்லுங்கோ." வேலை இல்லாவிட்டால் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் என்ன சொல்வார்களோ தெரியாது. நான் அமலினியை வேலையில் நிற்கச் சொல்கிறேன், அந்த இடத்தை முதலில் தேடிப்பிடித்தவள் அவள்தானே. அவளோ, "உங்கட நாரி நோவை வைச்சுக்கொண்டு புது வீட்டிலை போய் நிலம் துடைக்கப் போறியளோ? நீங்கள் நில்லுங்கோ, நான் வேறை பாக்கிறன்" என்கிறாள். முன்பு விட்டுக்கொடுக்காமல் சண்டை பிடித்தோம், இப்போது விட்டுக்கொடுப்பதில் சண்டை பிடிக்கிறோம். இரண்டு நாளாகச் சோறு ஆறித்தான் சாப்பிடுகிறோம். அவள் உங்கள் சொல்லைத் தவிர ஒருவருடைய சொல்லையும் கேளாள் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே தயவுசெய்து ஒரு போன் எடுத்து, அவளையே வேலையில் நிற்கும்படி கண்டிப்பாகச் சொல்லவும். நான் எழுதினதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

மாமிக்கும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் எங்கள் அன்பு. மடு மாதா உங்கள் கால்களுக்கும் எங்கள் வேலைகளுக்கும் துணை நிற்பாராக.

இங்ஙனம்,
உங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகன்
டெனிஸ்டன்

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்குமுன், திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனால் சின்யோரா உடுப்புப் பெட்டியோடு படியிறங்கி வருகிறார். தட்டில் கிடந்த டொலர்கள் மாறிப்போய்விட்டனவாம். "அப்பா எனக்குத் தந்தது இதுதான்" என்று இரண்டு பேரும் ஒரே நாணயத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்திருக்கிறார்கள். இப்போது பழையபடி மேலே ஒருவர், கீழே ஒருவர், எங்கள் இருவருக்கும் வேலை இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடவும், போனும் எடுக்க வேண்டாம். எது யாருடையது என்று, மாதக்கணக்காகக் கண்ணாடி வைத்து ஒவ்வொரு தேய்வையும் பார்த்த எனக்குத் தெரியும். அமலினிக்கும் தெரியும். படியில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "கேட்டால் சொல்லத்தான் வேணும்" என்றாள். "ஓம்" என்றேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.