தராசு பூட்டிக்கொண்ட மூன்று நாள்

தன் வீட்டு மீனில் ஒரு முள்கூட மஜீது வீட்டுக்குப் போகக் கூடாது என்று பாஸ்கர் முடிவு செய்தார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், காசிமேட்டு மீன் ஏலத்தில், பாஸ்கர் விலை கேட்கத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, விரலை நீட்டி ஒரு கூடை சங்கரா மீனைத் தூக்கிக்கொண்டு போனவர் மஜீது. அந்த விரலைப் பாஸ்கர் மறக்கவில்லை. மஜீதுக்கோ அந்தக் கூடையே ஞாபகமில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

இப்போது அந்த மனுஷன் பாஸ்கரின் மனைவி குணசுந்தரியிடமே போனில் மீன் வாங்குகிறார். திருவொற்றியூர் வீட்டு முன்னறையில் மீனை நறுக்கிச் சுத்தம் செய்து விற்பவள் அவள். ஆர்டரைக் கவனிக்க மகள் சௌமியா பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தாள். கெட்டிக்கார புரோகிராம். ஒருவருக்கு மீன் நறுக்குகிற நேரத்தில் சும்மா நிற்காமல் அடுத்த பத்துப் பேருக்குப் பதில் சொல்லும். தராசு மட்டும் ஒன்றே ஒன்று. அது வைஃபையில் ஓடுவது. ஒரு ஆர்டர் தராசைப் பிடித்தால், நடுவில் எது கெட்டாலும், அதை விட்டுவிட்டுத்தான் வெளியேற வேண்டும். அப்படித்தான் சௌமியா எழுதியிருந்தாள்.

பாஸ்கரின் திட்டம் சின்னது. மஜீதின் ஆர்டர் தராசுக்கு வரும்போது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் வைஃபை சுவிட்சை அணைப்பது. பத்து எண்ணிவிட்டுப் போடுவது. மஜீது மட்டும் வரிசையிலிருந்து விழுவார்.

மஜீது விழுந்தார். ஆனால் சாவியோடு கிணற்றில் விழுந்தவர் மாதிரி விழுந்தார். தராசை விடுவதற்கும் வைஃபை வேண்டுமே! விடப் போன இடத்திலும் கெட்டது. வைஃபை திரும்பி வந்த பிறகும் தராசு மஜீதின் கையிலேயே இருப்பதாக புரோகிராம் நம்பிக்கொண்டிருந்தது. பின்னால் ஊரே வரிசையில் நின்றது. திரையில் ஒரே வரி: தராசை விடுவிக்க முடியவில்லை. முதலில் எது கெட்டது என்பது எங்கேயும் இல்லை. இரண்டாவது தப்பு முதல் தப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எல்லோருக்கும் தராசு நின்றுபோனதை முதல் நாள் பாஸ்கர் தற்செயல் என்று நினைத்தார். இரண்டாம் நாள் சந்தேகம் வந்தது. மூன்றாம் நாள் மஜீது வஞ்சிரம் கேட்டார். பாஸ்கரின் கை சொன்னபடி கேட்கவில்லை, சுவிட்சுக்குப் போனது.

சௌமியா மூன்று நாளும் தராசை விடுகிற வரிகளையே வெறித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனியில் இண்டர்வியூ. இந்த புரோகிராமைத்தான் காட்டுவதாக இருந்தாள். எடுத்ததைத் திருப்பி வைக்கத் தெரியாதவளுக்கு வேலை எதற்கு, போகப் போவதில்லை என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.  பாஸ்கர் உண்மையைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் அதில் மஜீது பெயரும் வரும், அந்த விரலும் வரும். டோல்கேட் வரை நடந்து போய் டீ குடித்துவிட்டு, சொல்லாமலே திரும்பி வந்தார்.

மறுநாள் காலையில் குணசுந்தரி சமையலறையில் அருவாமனை முன்னால் உட்கார்ந்து செதில் தேய்த்துக்கொண்டே பேச்செடுத்தாள்.

"மீன் அறுக்கறப்போ ஒருத்தி கைய அறுத்துக்கிறா. ரத்தத்தக் கழுவப் போயி தண்ணி அண்டாவக் கவுத்துடறா. எல்லாரும் அண்டாவத் திட்டிக்கினு கீறாங்கோ. கைய யாரும் பாக்கல. அதாய்யா நம்ம வூட்ல நடக்குது."

"அதுக்கு இன்னாமே?"

"சௌமியா மாத்தி எழுதிட்டா. இனிமே மொத தப்பும் சேந்து வரும். யார் கை எங்க பட்டுச்சின்னு சொல்லிடும்."

 அவள் எழுந்து முன்னறைக்குப் போகும்வரை பாஸ்கர் காத்திருந்தார். ஈரத்துணியை எடுத்தார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உடம்பைத் திணித்துக்கொண்டு, சுவிட்சிலிருந்த மூன்று நாள் கைரேகையையும் அழுத்தித் துடைத்தார். டப்பென்று ஒரு சத்தம். வீட்டு மின்சாரம் மொத்தமும் போனது. ஃபேன் நின்றது. மீன் பெட்டி நின்றது.

"அங்க இன்னாயா பண்றே?" வாசற்படியில் குணசுந்தரி நின்றுகொண்டிருந்தாள்.

"தூசி கீதுன்னு தொடைச்சேன்மே."

"கண்ணாலமாயி இருபத்தேழு வருசமா கீது. இன்னிக்குத்தான் கண்ணு தெரிஞ்சிதா?"

"கை பட்ட எடம் தெரிஞ்சிடும்னு நீதானே சொன்னே..."

"சொன்னேன். சுவிட்சுன்னு சொன்னேனா?"

பின்னால் சௌமியாவும் வந்து நின்றாள். பாஸ்கர் ஈரத்துணியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். விரலையும் சொன்னார். சொல்லும்போதுதான் அது எவ்வளவு சின்ன விரல் என்று அவருக்கே தெரிந்தது. மகள் திட்டியிருந்தால் தேவலை. அவள் மெயினைப் போட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து, போய்ப் பக்கத்தில் நின்று, என்ன எழுதுகிறாய் என்று மெதுவாகக் கேட்டார்.

"தராசை விடறப்போ கெட்டுப்போனாலும், மொதல்ல இன்னா கெட்டுச்சின்னு சேத்து வராப்பல எழுதறேன் நைனா. வெள்ளிக்கிழமை காட்டணும்."

"அத்த நீ ஏற்கெனவே எழுதிட்டதா உங்கம்மா சொல்லிச்சே?"

சௌமியா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எங்க எழுதினேன்? இன்னா கெட்டுச்சின்னே இப்பத்தானே நைனா நீ சொன்னே."