காற்று படாத வழி

"நல்லா மோந்து பாருப்பா" என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார் ஆரோக்கியசாமி.

அப்துல் ஹமீத் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். காதுக்குப் பின்னால் ஒருமுறை, தோளில் ஒருமுறை, சந்தேகத்துக்குச் சட்டைக் கையில் ஒருமுறை. பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"ஒண்ணும் இல்ல. சோப்பு வாசனைதான் வருது."

ஆம்பூரில் டேனரி என்கிற தோல் பதனிடும் கொட்டகை ஒன்றில் பச்சைத் தோலைத் தரம் பிரிப்பவர் அப்துல் ஹமீத். இருபது வருஷமாக அவர் மூக்குக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இருந்ததில்லை. அவரிடம் போய்த் தன்மேல் தோல் வாடை அடிக்கிறதா என்று கேட்பது, உப்பளத்துக்காரனிடம் குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொல்வது போலத்தான். ஆனால் ஆரோக்கியசாமிக்குக் கேட்பதற்கு வேறு ஆள் கிடையாது. அதுதான் விஷயமே.

அன்று அவர் பெண் பார்க்கப் போகிறார். வயது நாற்பதை நெருங்குகிறது. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஆகவே மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தகப்பனார், தாய்மாமன் எல்லாம் அவரே.

அதே கொட்டகையின் லாரி டிரைவர் அவர். உப்புப் போட்ட பச்சைத் தோலை முதுகுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வருவதுதான் பிழைப்பு. வாடை என்று ஒன்று தன்மேல் இருப்பதே அவருக்கு வெகுகாலம் தெரியாது. குடியாத்தத்தில் முதல் பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் தாயார் பேச்சுக்குப் பேச்சு முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார். மரியாதைக்கு என்று இவர் நினைத்துக்கொண்டார். வேலூரில் அவருக்கு நாற்காலியைத் தெருவிலேயே போட்டார்கள். அப்போதுதான் புரிந்தது. அதன்பின் யோசித்துப் பார்த்தால், பஸ்ஸில் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருந்ததும், கோயிலில் கடைசி பெஞ்சு தனக்கே எழுதிவைத்ததுபோல் இருந்ததும், டீக்கடையில் தான் உட்கார்ந்ததும் மற்றவர்களுக்கு அவசர வேலை வந்ததும் ஒவ்வொன்றாக விளங்கின. விளங்காமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்தப் பெண்ணைச் சொன்னவர் ஒடுகத்தூர் மாதா கோயில் உபதேசியார். பெயர் மரியம்மாள். பேரணாம்பட்டுக் குடும்பம். அப்பா இறந்த பிறகு அண்ணன் இருதயராஜோடு ஒடுகத்தூருக்கு மேலே மலையில் ஒரு சிற்றூரில் இருக்கிறாள். அண்ணனுக்குக் காட்டில் கடுக்காய் சேர்க்கும் வேலை. பெண் வீட்டார் சொத்து கேட்கவில்லை, நகை கேட்கவில்லை, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம். மாப்பிள்ளை டேனரியில்தானே இருக்கிறார்?

ஆரோக்கியசாமி சூடு கண்ட பூனை. "அதெல்லாம் விட்டாச்சுங்க. இப்ப பஸ் கம்பெனியில டிரைவர்" என்று பளிச்சென்று ஒரு பொய்யைச் சொன்னார். உபதேசியார் அதை அப்படியே மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்து பார்க்கட்டும், அடுத்த வாரம் வேறொருவர் வருவதாக இருக்கிறது என்று பதில் வந்தது.

மலைக்கு பஸ் கிடையாது. முதலாளி அப்துல் வஹாப் சாயபு நல்ல மனுஷர். வரும்போது தோல் பதனிடக் கடுக்காய் மூட்டை ஏற்றி வரச் சொல்லி லாரியைக் கொடுத்தார். போகிற இடத்தில் வாடை கூடாது, கொண்டுபோவதோ வாடையின் தாய்வீடு. இந்தச் சிக்கலைத்தான் ஆரோக்கியசாமி ஒரு வாரமாக வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு ஆராய்ந்திருந்தார்.

வரைபடம் அவருடைய ஒரே பெருமை. உலகச் சண்டைக் காலத்தில் இராக் தேசத்துப் பஸ்ராவில் ராணுவ லாரி ஓட்டியவர் அவர். திக்குத் தெரியாத மணல்வெளியில் வரைபடத்தை வைத்தே வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். சீமைக்குக் கிளம்பிய ஒரு சர்வே துரையின் சாமான்கள் வேலூரில் ஏலம் போனபோது, எல்லோரும் கட்டிலுக்கும் பீங்கானுக்கும் அடித்துக்கொள்ள, இவர் தகரக் குழாயில் சுருட்டியிருந்த மலை வரைபடத்தை வாங்கி வந்தார்.

"ஆனி மாசத்துல காத்து மேக்கால இருந்து வீசுது" என்று அப்துல் ஹமீதுக்கு விளக்கினார். "ஒடுகத்தூர் ரோடு மேக்குப் பக்கமாத்தான் மலை ஏறுது. அதுல போனா எனக்கு முன்னாடி வாடை போய்ச் சேர்ந்துடும். நான் மலையச் சுத்தி கிழக்கால போய் ஏறுறேன். வாடை எனக்குப் பின்னாடியே போய்டும்."

"கிழக்கால ரோடு இருக்குதா?"

"ஒண்ணா ரெண்டா? இத பாரு."

உண்மைதான். வரைபடத்தில் அந்த மலையைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகப் பழுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடின. கருப்புக் கோடு ரயில், சிவப்புக் கோடு தார் ரோடு என்றால், பழுப்பு மண் ரோடாகத்தானே இருக்கவேண்டும்? ஒவ்வொரு கோட்டின்மேலும் 1500, 1750 என்று ரோட்டு நம்பர் வேறு போட்டிருந்தது. அவை மலையின் உயரத்தைக் காட்டுகிற கோடுகள், அவற்றில் வண்டி போகாது என்று ஆரோக்கியசாமிக்கு யாரும் சொன்னதில்லை. பஸ்ரா பக்கத்து மணல்வெளியில் மலை ஏது, கோடு ஏது?

அப்துல் ஹமீத் தன் அத்தர்ப் புட்டியை நண்பனின் சட்டைப்பையில் போட்டு, "தோஸ்த், பொண்ணோடதான் வரணும்" என்று வழியனுப்பினார்.

ஒடுகத்தூர் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அங்கே மலை ரோடு நேராக, சமர்த்தாக, வாவென்று மேலே போயிற்று. ஆரோக்கியசாமி அதை ஓர் ஏளனப் பார்வை பார்த்துவிட்டு வண்டியை இடது பக்கம் திருப்பினார். வேர்க்கடலைக் கொல்லையில் நின்ற ஒருவர் கையைத் தட்டி, மலைக்கு அது வழியில்லை என்று கத்தினார். பாவம், வரைபடம் பார்த்திராதவர் என்று ஆரோக்கியசாமி இரக்கப்பட்டார்.

மலையின் கிழக்குப் பக்கம் வந்ததும் 1500ஆம் நம்பர் ரோட்டைத் தேடினார். ஒரு மாட்டுவண்டித் தடம் கிடைத்தது. கொஞ்ச தூரம் போனதும் அது வண்டித் தடமாக இல்லாமல் மாட்டுத் தடமாகி, பிறகு ஆட்டுத் தடமாகி, ஒரு பாறைமேல் ஏறி மறைந்துவிட்டது. 1500 பழுதுபார்ப்பில் இருக்கிறது என்று முடிவுசெய்து, வண்டியைப் பின்னுக்கு எடுத்து 1750ஐத் தேடினார். பள்ளத்துப் பக்கம் சக்கரம் பாதி காற்றில் நிற்க, இந்தப் பக்கம் மூங்கில் முள் உள்ளே நீண்டு சீட்டு மெத்தையைக் கிழிக்க, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று லாரியிடம் கெஞ்சிக்கொண்டே ஓட்டினார். அது ஒன்றுதான் அவர் சொல்வதைக் கேட்கிற ஜீவன். கிழிந்த மெத்தையிலிருந்து வந்த புழுதியில் வருஷக்கணக்கான உப்பும் தோலும் இருந்தன. அவருக்கு அதுவும் தெரியவில்லை.

வழியில் ஒரு காட்டாறு குறுக்கிட்டது. தெளிந்த தண்ணீர். லாரியைக் கழுவிவிட்டால் என்ன என்று அவருக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியது. ஆற்றுக்குள்ளே இறக்கி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். காய்ந்து கிடந்த உப்பும் கொழுப்பும் ஊறி, இதுவரை உறங்கிக்கொண்டிருந்த வாடை முழுவதும் எழுந்து உட்கார்ந்தது. தண்ணீர் குடித்த என்ஜினோ படுத்துவிட்டது.

ராமலிங்கம் என்றொரு வண்டிக்காரர் புளி ஏற்றிக்கொண்டு வந்தார். ஆரோக்கியசாமி கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொள்ள, மாடுகளை அவிழ்த்து லாரியை இழுக்கக் கொண்டுவந்தார். மாடுகள் லாரிக்குப் பத்தடி தூரத்தில் நின்றன. மூக்கை விரித்தன. மிரண்டு பின்னால் போயின. தட்டிக்கொடுத்தும் அதட்டியும் ஒரு காலை எடுத்துவைக்கவில்லை.

ராமலிங்கம் லாரியைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார். "மாட்டுத் தோல் ஏத்தற வண்டியா இது?"

ஆரோக்கியசாமி தலையை ஆட்டினார்.

"அப்ப வராதுங்க. அதுங்களுக்கும் மனசு இருக்குதுல்ல" என்று அவர் தம் வழியே போய்விட்டார்.

ஆரோக்கியசாமி லாரிப் படியில் உட்கார்ந்தார். சுற்றிலும் மலை. ஒரு குருவி கத்தியது, அதுவும் நிறுத்திக்கொண்டது. பஸ்ராவில் மணலுக்கு நடுவே இப்படி உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அப்போது ஊர் என்று ஒன்று எங்கோ இருக்கிறது, அங்கே போனால் யாராவது இருப்பார்கள் என்ற நினைப்பு இருந்தது. ஊருக்கு வந்து பார்த்தாகிவிட்டது. மனிதர்கள் விலகினார்கள், இன்று மாடும் விலகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால், சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு குரல் வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்கு இத்தனை பேஜாரா? ஆற்றில் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

என்ஜினைத் துடைத்து, கைப்பிடியைப் போட்டுச் சுற்றிச் சுற்றி, தோள் கழன்றுவிடும்போல் ஆனபோது லாரி இருமிக்கொண்டு உயிர்பெற்றது. அதன்பின் நம்பரைப் பார்க்காமல் கிடைத்த தடத்திலெல்லாம் ஏறினார். ஒரு திருப்பத்தில் நல்ல ரோடு ஒன்று எதிர்ப்பட்டது. மேலே, கூப்பிடு தூரத்தில், நாலைந்து கூரைகளும் ஒரு சிலுவையும் தெரிந்தன. ஆரோக்கியசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது முதுகில் சிலுசிலுவென்று காற்று அடித்தது. சூரியனைப் பார்த்தார். அது அவர் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எந்த ரோடு வேண்டாமென்று காலையில் ஒதுக்கினாரோ அதே ஒடுகத்தூர் ரோட்டில், கிராமத்துக்கு நேர் மேற்கே வந்து நின்றிருக்கிறார். ஊறி உப்பிய லாரியின் வாடை முழுவதையும் காற்று அள்ளிக்கொண்டு நேராக மேலே போயிற்று.

லாரியை ஒரு புளியமரத்தின் கீழ் நிறுத்தி இலை தழையை வெட்டி மூடினார். லாரியை ஒளிக்கத்தான் முடிந்தது, வாடையை இல்லை. அத்தர்ப் புட்டியைத் திறந்தார். கழுத்துக்கு இரண்டு சொட்டு என்று அப்துல் ஹமீத் சொல்லியிருந்தார். இருந்த நிலைமைக்குச் சொட்டெல்லாம் போதாது. முழுப் புட்டியையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு மலை ஏறினார்.

இருதயராஜ் வீட்டு வாசலில் நின்றிருந்தார். வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். மாப்பிள்ளையின் வேட்டியில் பாதி ஆற்றுச் சேறு, சட்டையில் மூங்கில் கிழிசல். அவருக்கு முன்னால் அத்தர் வாசலேறி உள்ளே போயிற்று. உள்ளே யாரோ பலமாகத் தும்மினார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு சேலை நுனி தெரிந்தது. எட்டிப் பார்த்தது, தயங்கியது, பின்வாங்கியது.

"நீங்கதான் பஸ் கம்பெனியா?" என்றார் இருதயராஜ். குரலில் சுரத்தே இல்லை.

ஆமாம் என்று சொல்லத்தான் ஆரோக்கியசாமி வாயைத் திறந்தார். ஆனால் அந்தச் சேலை நுனி பின்வாங்கியதைப் பார்த்த பிறகு பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"இல்லீங்க. பஸ் கம்பெனின்னு சொன்னது பொய். ஆம்பூர் டேனரி லாரிதான் இன்னிக்கும் ஓட்டறேன். அது கீழ புளியமரத்தாண்ட நிக்குது. இவ்வளவு நேரம் உங்களுக்கெல்லாம் நாத்தம் அடிச்சிருக்கும், மன்னிச்சுக்குங்க. என் பக்கத்துல மாடே நிக்கல, பொண்ணு எப்படி நிக்கும்? நான் வர்றேங்க."

இருதயராஜ் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். ஆரோக்கியசாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். படலைத் தாண்டுவதற்குள் பின்னால் ஓட்டமும் நடையுமாகக் காலடிச் சத்தம் கேட்டது. இருதயராஜின் மனைவி பட்டம்மாள், ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பும் மறு கையில் சீயக்காய்க் கிண்ணமுமாக, சிரிப்பை அடக்க முடியாமல் வழியை மறித்து நின்றாள்.

"இன்னாண்ணே, எங்க போறீங்க? நீங்க டேனரிய விட்டுட்டீங்கன்னு உபதேசியார் சொன்ன அன்னிக்கே எங்க மரியம்மா வேணாம்னுட்டா, இவருதான் வந்து பாக்கட்டும்னு சொல்லியனுப்பினாரு. கொஞ்சம் முன்னாடி கீழருந்து காத்து வந்தப்பதான், பேரணாம்பட்டுத் தோல் குழியில வேலை செஞ்ச அவ அப்பா வாடை வருதுன்னு அழுதுக்கினே எழுந்து போய் உங்களுக்கு உலை வெச்சா, அதனால முதல்ல அந்த அத்தரக் கழுவிட்டு உள்ள வாங்க."