வெந்நீர் அக்காவிடம் நான் பட்ட பாடு

அந்தக் காலத்தில் மதுரையில் பிறந்த பிள்ளைகளெல்லாம் வெந்நீர் அக்காவின் கையால் குளித்தவர்கள். அவர்களுடைய தகப்பன்மாரெல்லாம் அக்காவின் வாயால் திட்டு வாங்கியவர்கள். ஊரிலேயே அதிகத் திட்டு வாங்கியவன் நான்தான். இதில் எனக்குப் போட்டி கிடையாது.

அப்போது நான் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் மனைவி கோமதிக்குத் தாய் இல்லை. என் தாயாரோ அவனியாபுரத்தில் கால் முறிந்து படுத்திருந்தார். ஆகவே தலைப்பிரசவம் ஆனதும், தாயையும் பெண் குழந்தையையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் அஞ்சவில்லை. குழந்தை வளர்ப்பு பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வைத்திருந்தேன்.

நாலு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பால் கொடுக்க வேண்டும், நடுவில் அழுதால் தூக்கக்கூடாது என்றது புத்தகம். பள்ளிக்கூடத்து டைம்டேபிள் போல ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். குழந்தை வீறிட்டால், "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு" என்பேன். ஒரு வாரக் குழந்தைக்கு மணி பார்க்கத் தெரியாதது அதன் குற்றம் என்றே நினைத்தேன்.

எட்டாம் நாள் காலை கோமதிக்குப் பால் கட்டிக் காய்ச்சல் கொதித்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். கண்ணீர் மட்டும் வழிந்தது. குழந்தையின் அழுகை பூனைக்குட்டிச் சத்தமாகத் தேய்ந்துவிட்டது. புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். இதற்கு அதில் ஒன்றும் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் வெந்நீர் அக்காவைத் தேடி ஓடினேன்.

பிள்ளை பெற்ற வீடுகளில் தாய்க்கும் சேய்க்கும் வெந்நீர் ஊற்றி, பத்தியம் சமைத்துப் போடுவது அவர் தொழில். நெட்டையான உருவம், சோழவந்தான் வெற்றிலை அடக்கிய கன்னம். எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்தார்.

"இது என்னய்யா வாத்தியாரே?"

"பால் குடுக்குற நேரம்க்கா."

"ரயிலா விடுறீக? உங்களுக்குப் பசிச்சாக் கடியாரத்தையா பாப்பீக?"

உண்மையில் நான் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன்.

குழந்தையை என் கையில் திணித்தார். "வெந்நி காயிற வரைக்கும் நெஞ்சோட அணைச்சுக்கங்க. கீழ போட்டீக, தொலைச்சுப்புடுவேன்."

கோமதியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஒனக்கு ஒண்ணுமில்ல தாயி. அதான் நான் வந்துட்டேன்ல?"

வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, கட்டிய பாலை இளக்கிப் பிள்ளையை மார்பில் சேர்த்தார். அது குடித்த சத்தம் வாசல்வரை கேட்டது. பிறகு இருவரும் தூங்கினார்கள். எட்டிப் பார்க்கப் போன என்னை அக்கா மறித்தார்.

"பெத்தவ தூங்குனாத்தேன் பிள்ளை வளரும். நீங்க போய்த் துணிய அலசுங்க."

இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. என் பாடுதான் ஏறியது. துணி அலசினேன், பூண்டு உரித்தேன், தாய்க்குப் பால் ஊறப் பால்சுறாக் கருவாடு கழுவினேன். எல்லாவற்றிலும் ஃபெயில். "இம்புட்டுப் படிச்சும் ஒரு பூண்டு உரிக்கத் தெரியலையே! இவருகிட்டப் படிக்கிற பிள்ளைக எப்படித்தேன் பாஸாகுதுகளோ!"

பள்ளிக்கூடத்துக்குக் 'கடும் வயிற்றுவலி' என்று லீவு எழுதி அனுப்பியிருந்தேன். மனைவிக்குப் பணிவிடை என்று எழுத என் மீசை இடம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஹெட்மாஸ்டரே நலம் விசாரிக்க வந்துவிட்டார். நானோ முற்றத்தில் வேட்டியை மடித்துக் கட்டி, கால்களை நீட்டி, அவற்றின்மேல் எண்ணெய் பூசிய குழந்தையைக் கிடத்தி உட்கார்ந்திருந்தேன்.

"வயித்துவலின்னு எழுதியிருந்தாரே?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பெத்தவளுக்கே வயித்துவலி போயிருச்சு, இவருக்கு எப்படிய்யா வந்துச்சு?" என்றார் அக்கா. "சும்மா நிக்காதீக. அந்தச் செம்பை எடுத்து மெதுவா ஊத்துங்க."

ஹெட்மாஸ்டர் ஏழு பிள்ளைகளின் தகப்பன். ஒன்றுக்கும் அவர் தண்ணீர் ஊற்றியதில்லை என்பது, குழந்தையை விட்டுவிட்டு என் மடியெல்லாம் ஊற்றியபோது தெரிந்தது. அக்கா எங்கள் இருவரையும் சேர்த்து ஒரே மூச்சில் திட்டினார். தெறித்து நனைந்த வேட்டியோடு புறப்பட்ட ஹெட்மாஸ்டர், "வயித்துவலி பூரா குணமானப்புறம் வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைக்குக் கன்னம் உப்பியது. கோமதி சிரிக்க ஆரம்பித்தாள், பெரும்பாலும் என்னைப் பார்த்து.

ஒரு நாள் அக்கா புறப்பட்டார். பிள்ளைக்கு மை வைத்தார். கோமதியின் தலையைத் தடவினார். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைசித் திட்டை வாங்கிக்கொள்ளத் தலையைக் குனிந்தேன்.

"மூஞ்சி ஏன்யா இப்படி வாடிக் கெடக்கு? சாப்பிட்டீகளா?"

பிள்ளை பிறந்த நாளிலிருந்து யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "சாப்பிட்டேன்க்கா" என்று சொல்ல வாயைத் திறந்தேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, மறுபடி அடுப்படிக்குள் போனார்.