டேர்போவும் அக்காவின் சைக்கிளும்

மூன்று மாதக் கொம்பியூட்டர் வகுப்பு முடித்துச் சேர்ட்டிபிக்கேற் வாங்கியவனைப் போல ஆபத்தானவன் உலகத்தில் கிடையாது. முப்பது வருசம் கழித்து ஒத்துக்கொள்கிறேன்: அப்படி ஒருவன் எங்கள் வீட்டில் இருந்தான், அது நான்தான்.

சண்டையால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலம். புத்தூரில் அத்தான் (அக்காவின் கணவர்) முன்னறையில் ஒரு பழைய 286 கொம்பியூட்டரை வைத்துக் சாதகக் குறிப்புகளுக்குக் கலியாணப் பொருத்தம் பார்த்துக் கொடுத்தார். பின்வளவில் மண்ணெண்ணெய் ஜெனரேற்றர் கத்திக்கொண்டிருக்கும். ஒரு பொருத்தம் திரையில் வருவதற்குள் பெண்வீட்டார் இரண்டு தரம் தேத்தண்ணி குடித்து, மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் பற்றிப் புதுச் சந்தேகமும் கிளப்பிவிடுவார்கள். ஆட்கள் பழையபடி சாத்திரியாரிடம் போகத் தொடங்கினார்கள்.

அத்தான் நிபுணரிடம் ஆலோசனை கேட்டார். அதாவது என்னிடம்.

"தம்பி, புரோசெசரை மாத்துவமோ, இல்லாட்டி உதை மூடி வைப்பமோ?"

நான் பெட்டியின் மேல் கைவைத்துப் பார்த்தேன். (காய்ச்சல் பார்ப்பதுபோல. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.)

"மாத்தத்தான் வேணும் அத்தான். உது கிழண்டு போச்சு."

பட்டினத்தில் ஒருவரிடம் இதைவிட வேகமான 386 புரோசெசர் பூட்டிய போர்ட் இருந்தது. அவர் காசு வேண்டாம், சைக்கிள் தாருங்கள் என்றார். என் ஓட்டைச் சைக்கிளை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை; கொடுக்கக்கூடியதாக வீட்டில் இருந்தது அக்கா பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போகிற சைக்கிள் மட்டும்தான். பஸ்ஸைக் காண்பதே அரிதான நாட்கள் அவை.

"டேய், வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியோ?" என்றாள் அக்கா.

"என்ரை சேர்ட்டிபிக்கேற் மேலை சத்தியம்."

சைக்கிள் அன்றைக்கே போனது. வாங்கியவர் அதே கிழமை அதோடு வன்னிக்குப் போய்விட்டார்.

மறுகிழமை போர்ட்டைப் பூட்ட, கொம்பியூட்டர் திருத்துகிற ரவி அண்ணை வந்தார். பழையதைக் கழற்ற முன் ஒருதரம் ஓட்டிப் பார்த்தார். முன்பக்கத்தில் ஒரு பொத்தானின் மேல் மருந்துப் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது.

"உது ஆர் ஒட்டினது?"

"நான்தான் அண்ணை," என்றேன் பெருமையாக. "உது டேர்போ பட்டின். அமத்தினால் கொம்பியூட்டர் வேகமா ஓடும். வேகமா ஓடினால் மோட்டச்சைக்கிள் மாதிரி மண்ணெண்ணெய் கூடக் குடிக்குமெல்லோ? அதுதான் ஆரும் அமத்தாமல்..."

ரவி அண்ணை பிளாஸ்ரரை உரித்தார். பொத்தானை அமத்தினார். அக்கா தேத்தண்ணி ஆற்றி முடிக்க முன் பொருத்தம் வந்துவிட்டது. இரண்டு வருசமாக நல்ல கொம்பியூட்டரை மெதுவாக ஓடவிட்டு, அதனால் ஜெனரேற்றரை இரண்டு மடங்கு நேரம் ஓடவிட்டு, நான் மண்ணெண்ணெய் மிச்சம் பிடித்திருக்கிறேன்!

அத்தான் சுவரைப் பார்த்தார். அக்கா கேட்டது ஒன்றுதான்:

"அப்ப என்ரை சைக்கிள்?"



வாங்கியதற்காகப் புதுப் போர்ட்டையும் பூட்டினோம். நல்ல வேகம். அந்த வேகத்துக்குப் புத்தூரில் கலியாணங்கள்தான் போதவில்லை.

அக்காவின் பள்ளிக்கூடம் மூன்று மைல். ஒன்றரை வருசம், காலையும் பின்னேரமும், என் சைக்கிள் கரியரில் அவளை ஏற்றிக்கொண்டு மிதித்தேன். எதிர்க்காற்றில் எனக்கு மூச்சு வாங்கினால் பின்னாலிருந்து பெருவிரலால் முதுகை அழுத்துவாள்: "டேர்போவை அமத்திப்போட்டன். ஓடு!"

அந்தப் பழக்கம் பிறகு என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தொற்றிவிட்டது. போன மாதம் என் மகளின் கலியாணம். சாப்பாட்டுப் பந்தியில் வாளியோடு கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தேன். முதுகில் ஒரு விரல் அழுத்தியது. திரும்பிப் பார்த்தால், மாலைகூடக் கழற்றாத புது மருமகன்.